மஞ்சள் குட்டி ஏன் பழுப்பாகிறது?

உப்புநீர்த் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளாக வாங்கி விட்ட டேங் மீன் குட்டி மெல்ல மெல்லப் பழுப்பேறினால், நோய் என்று பதறி மருந்தை ஊற்றுபவர்கள் உண்டு. வேண்டாத வேலை. அது சாக்லேட் டேங்காக இருந்தால், வளர்ந்தபின் அதன் நிறமே அதுதான்.

குட்டியில் மட்டும் ஏன் மஞ்சள்? வேஷம்தான். பசிபிக் பவளத்திட்டுகளில் சென்ட்ரோபைஜ் இனக் குள்ள ஏஞ்சல் மீன்கள் உண்டு. செவுள் மூடியில் முள். பிடிக்கப் போனால் சட்டென்று இடுக்குக்குள் நழுவிவிடும். இவற்றைத் துரத்துவது வேட்டை மீனுக்கு வீண் அலைச்சல். டேங் குட்டி அந்தச் சாயலில் தப்பிக்கிறது என்பதே பொதுவான விளக்கம். மஞ்சள் ஏஞ்சல் வாழும் இடத்தில் மஞ்சள். சாம்பலும் கறுப்புமான ஏஞ்சல் வாழும் இடத்தில் அதே சாம்பல், கறுப்பு! வால்கூட ஏஞ்சலுடையதுபோல் வட்டமாகவே இருக்கும். ஏஞ்சலின் அளவைத் தாண்டி வளர்ந்தபின் வேஷம் எடுபடாது. நிறம் மாறுகிறது, வாலும் பிறைபோல் விரிகிறது.

தோலிலுள்ள நிறமிச் செல்களின் வகையும் எண்ணிக்கையும் மாறுவதால், இந்த நிறமாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். ஏற்கெனவே உள்ள செல்லுக்குள் நிறமி குவிவதும் பரவுவதும் வேறு கதை. அது நிமிடங்களில் முடிந்துவிடும். மஞ்சள் டேங் என்ற வேறொரு மீன் இரவில் மங்கி, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டையோடு நிற்பது அப்படித்தான். விளக்கைப் போட்டால் பழைய மஞ்சள் திரும்பிவிடும்.

கடையில் டேங்கா ஏஞ்சலா என்று சந்தேகம் வந்தால் வாலடியைப் பாருங்கள். இருபுறமும் கத்திபோன்ற முள் இருந்தால் அது டேங். சாக்லேட் டேங் சுமார் 25 செ.மீ. வளரும், அதற்கேற்ற தொட்டி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.