தொலைந்த கோப்புகளைத் தேடி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்

இன்றைய விஞ்ஞான உலகில் நம் மதிப்பெண்கள், வங்கிக் கணக்கு, நிலப் பட்டா ஆகிய யாவும் எங்கோ இருக்கும் சர்வர் ஒன்றின் வட்டில் எழுதப்பட்டுள்ளன. அந்த வட்டு பழுதானால் எல்லாம் அழிந்தேவிடுமா? பெரும்பாலும் இல்லை என்பதே விடை. அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

நம் கல்லூரி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அதன் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. லினக்ஸ் சர்வர்களில் வழங்கும் எக்ஸ்ட்4 அமைப்பும் அத்தகையதே. கோப்பின் பெயர் அடைவில் இருக்கும். அதன் அளவு, உரிமையாளர், வட்டில் அது இருக்கும் இடம் ஆகியவை ‘ஐநோடு’ என்னும் தனிக் குறிப்பில் இருக்கும். ஐநோடில் பெயர் இராது. ஆகவே அடைவு மட்டும் சிதைந்தால் தொலைவது பெயரே, பொருள் அன்று.

பழுது கண்டதும் முதற்கண் செய்யவேண்டியது, அவ்வட்டில் எழுதுவதை நிறுத்துவது. புதிதாக எழுதுவது பழையதன் மேல் விழக்கூடும்.

இரண்டாவது, வட்டு முழுவதையும் நல்ல வட்டு ஒன்றில் படியெடுப்பது. இதற்கு டிடிரெஸ்க்யூ என்னும் நிரல் உதவுகிறது. தேர்வில் தெரிந்த வினாக்களுக்கு நாம் முதலில் விடை எழுதுவதுபோல், அது நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, பழுதான இடங்களைக் குறித்துக்கொண்டு பிறகு அவற்றுக்குத் திரும்புகிறது. அப்போதும் படிக்க முடியாத கட்டங்களில் இருந்தது போனதுதான்.

மூன்றாவது, மூலத்தைத் தொடாமல், படியின் மீது எஃப்.எஸ்.சி.கே. நிரலை இயக்குவது. பெயரிழந்த கோப்புகளை அது ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்னும் அடைவில் எண்ணிட்டு வைக்கும். நாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் சூட்டவேண்டும். ஐநோடும் போய்விட்டால், கோப்பின் தொடக்க எழுத்துகளைக் கொண்டே அதன் இனமறியும் ஃபோட்டோரெக் போன்ற நிரல்கள் உண்டு.

“ஒரே செய்தியை இரு வட்டுகளில் எழுதும் ரெய்டு முறை போதாதா?” என்று நண்பர்கள் வினவலாம். ஒரு வட்டு கெட்டால் அது காக்கும். ஆனால் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒருங்கே அழியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். இருந்த ஐந்து பாதுகாப்பு ஏற்பாடுகளும் சரிவர உதவவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு படியே கைகொடுத்தது. படியெடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எழுதப் படிக்க அறியாத என் தாய், என் சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் பூட்டி, மழைக்காலம் வந்தால் பரண்மேல் ஏற்றிவிடுவார். நாளை சர்வர்களைக் காக்கும் பணிக்குச் செல்லவிருக்கும் தோழர்களே, அத்தகைய எத்தனையோ தாய்மார்களின் பெட்டிகள் நம் கையில் ஒப்படைக்கப்படும். மழை வருமுன் அவற்றைப் பரண்மேல் ஏற்றுவோமாக!