மூலம் இல்லை, பௌத்திரமும் இல்லை... வால் எலும்பு பக்கம் வரும் 'முடிக்கூடு' கட்டி: 'ஃபிளாப்' ஆபரேஷன் எதுக்கு?

உட்கார்ந்தா முதுகுக்குக் கீழே, பிட்டப் பிளவு தொடங்குற இடத்துல சுருக்குனு வலி. உள்ளாடையில் சீழோ ரத்தமோ கறையா ஒட்டுது. இடம் அப்படிங்கிறதால வீட்டுல சொல்லக் கூச்சம். 'மூலமா இருக்கும்' என்று நினைத்து மெடிக்கலில் ஆயின்ட்மென்ட் வாங்கிப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் இது மூலமாக இல்லாமல், பைலோனிடல் சைனஸாகவும் இருக்கலாம்.

மூலமும் பௌத்திரமும் ஆசனவாயைச் சேர்ந்தவை. இது அதற்கு மேலே, வால் எலும்புப் பகுதியின் தோலில் வருவது. லத்தீனில் 'பைலஸ்' என்றால் முடி, 'நைடஸ்' என்றால் கூடு. பேரே நோயைச் சொல்லிடுது. உதிர்ந்த முடி, தலைமுடி உட்பட, பிளவுக்குள் சேர்கிறது. வியர்வையும் உராய்வும் சேர்ந்து அதைத் தோலுக்குள் தள்ளுகின்றன. உள்ளே போன முடி உடலுக்கு அந்நியப் பொருள். அதைச் சுற்றி வீக்கம், சீழ், பிறகு சிறு சுரங்கம் மாதிரி ஒரு பாதை. பதின்பருவம் முதல் முப்பதுகள் வரையிலான ஆண்களுக்கு இது அதிகம், பெண்களுக்கும் வரும்.

இரண்டாம் உலகப் போரில் முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். குலுங்கும் ஜீப்பில் பயணம் செய்ததே காரணம் என்று கருதி 'ஜீப் நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வெட்டி எடுத்து தைச்சா முடிஞ்சுதே?

அங்கேதான் சிக்கல். கட்டியை எடுத்துவிட்டு நடுக்கோட்டிலேயே நேராகத் தைத்தால், தையல் அதே பள்ளத்தின் அடியில் இருக்கும். அதே ஈரம், அதே முடி, உட்காரும்போதெல்லாம் இழுவிசை வேறு. தையல் பிரிவதும் நோய் திரும்புவதும் இதனால் அதிகம். தைக்காமல் திறந்தே விட்டால் புண் தானாக ஆற பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை தினமும் டிரெஸ்ஸிங்.

ஃபிளாப் முறை இரண்டு வேலை செய்கிறது: தையலை நடுக்கோட்டிலிருந்து ஒதுக்குகிறது, பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கிறது. அதிகம் செய்யப்படும் லிம்பெர்க் ஃபிளாப்பில், நோயுள்ள பகுதியை வைர வடிவத்தில் வெட்டி எடுப்பார்கள். பக்கத்துப் பிட்டத்தில் இருந்து தோலையும் கொழுப்பையும் ஒரு பக்கம் ஒட்டியபடியே விட்டு, திருப்பிக் கொண்டுவந்து குழியை மூடுவார்கள். முழுசா அறுத்து எடுக்காததால ரத்த ஓட்டம் நிற்காது.

கிரீஸ் ராணுவ அறுவை சிகிச்சை மருத்துவர் கரிடாகிஸின் முறை கொஞ்சம் எளிது. தோலை ஒரு பக்கமாக இழுத்து ஓரத்தில் தைப்பது. ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குச் செய்ததில் சுமார் 1 சதவீதம் பேருக்கே நோய் திரும்பியதாக அவர் எழுதியிருக்கிறார். எல்லா மருத்துவமனையிலும் இதே பலன் வரும்னு எதிர்பார்க்க முடியாது.

எல்லாருக்கும் ஃபிளாப் தேவையா?

இல்லை. சீழ் கட்டி காய்ச்சலோடு வந்தால் முதலில் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் அவசரம். சின்ன துளைகள் மட்டும் இருந்தால் சிறிய சிகிச்சைகளே போதும், லேசரும் இருக்கிறது. பல துளைகள், ஆழமான பிளவு, ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியும் திரும்பியவர்கள், இவர்களுக்குத்தான் ஃபிளாப் பெரும்பாலும் பேசப்படுகிறது.

குறைகளும் இருக்கு. தழும்பு பெரிதாகத் தெரியும், அந்த இடம் மரத்துப்போகலாம், நீர் கோக்கலாம், தொற்று வரலாம், தையல் ஓரம் பிரியலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்குப் புண் ஆறுவது இன்னும் தாமதமாகும். நீர் வடிய டியூப் வைத்தால் சில நாளில் எடுத்துவிடுவார்கள். தையல் பிரிக்க சுமார் இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை நேராக அழுத்தி உட்காருவது, பைக் ஓட்டுவது, கனம் தூக்குவது கூடாது. மல்லாந்து படுப்பதையும் குறைக்கச் சொல்வார்கள்.

ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: 'தையல் நடுக்கோட்டில் வருமா, ஓரத்தில் வருமா?' எத்தனை நாள் லீவு போடணும், அந்த இடத்து முடியை எப்படி, எவ்வளவு நாள் நீக்கணும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.