ஆபீஸ் போற காரிலேயே ரேஸ் ஓட்டலாமா? 'ஆட்டோகிராஸ்' என்றால் என்ன?

ஒரு பெரிய காலி பார்க்கிங் இடம், நிறைய ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கோன்கள், நேரத்தை அளக்க ஒரு டைமர். ஆட்டோகிராஸ் நடத்த இவ்வளவு இருந்தால் போதும். அமெரிக்காவில் வார இறுதிகளில் ஊருக்கு ஊர் நடக்கும் இந்தப் போட்டிக்குத் தனியாக ரேஸ் கார் வாங்க வேண்டியதில்லை. வாரம் முழுக்க ஆபீஸுக்கும் மளிகைக் கடைக்கும் போய்வரும் அதே கார்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டார்ட் லைனில் நிற்கும்.

ரேஸ் என்றதும் கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும் காட்சிதான் மனதில் வரும். இங்கே அது கிடையாது. கோன்களை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போடுவார்கள். அதில் கார்கள் ஒவ்வொன்றாக, போதிய இடைவெளி விட்டுத்தான் அனுப்பப்படும். எதிராளி கடிகாரம் மட்டுமே. ஒரு ரவுண்டு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். வேகம் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டுவதே அபூர்வம். நிறைய கார்கள் இரண்டாவது கியரிலேயே பாதையை முடித்துவிடும்.

கோனை இடித்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் இந்தப் போட்டிகளை நடத்தும் முக்கிய அமைப்பு, 1944-ல் தொடங்கப்பட்ட 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா', சுருக்கமாக எஸ்.சி.சி.ஏ. அதன் விதிப்படி, ஒரு கோனைச் சாய்த்தாலோ, தரையில் அதைச் சுற்றி வரைந்திருக்கும் கட்டத்தை விட்டு முழுசாக வெளியே தள்ளினாலோ 2 நொடி அபராதம். இடித்தும் கோன் கட்டத்தைத் தொட்டபடி நிமிர்ந்து நின்றால் தப்பிச்சாச்சு. பாதையையே விட்டுவிட்டு வேறு வழியில் போனால் அந்த ரவுண்டு கணக்கிலேயே வராது. அரை நொடியில் ஜெயிப்பதும் தோற்பதும் சகஜமான ஆட்டத்தில் 2 நொடி என்பது பெரிய தண்டனை.

இடிப்பது பிளாஸ்டிக் கோனை என்பதுதான் இதில் விசேஷம். ரேஸ் டிராக்கில் ஒரு வளைவைத் தப்பாகக் கணித்தால் சுவரில் போய் நிற்கலாம். இங்கே பம்பரில் கொஞ்சம் ஆரஞ்சு கறை ஒட்டும், அவ்வளவே. ஈகோவுக்கு மட்டும் அடி கொஞ்சம் பலமாக விழும்!

என்ன கார் வேண்டும்?

ஷோரூமில் இருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கென்றே 'ஸ்ட்ரீட்' என்று ஒரு பிரிவு உண்டு. பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், ஏர் ஃபில்டர் மாதிரி சில மாற்றங்களுக்கு மட்டும் அதில் அனுமதி. எஞ்சினை 'ரீமேப்' செய்து பவர் ஏற்றினால் வேறு பிரிவுக்குப் போக வேண்டும். ஒரே மாதிரி திறன் கொண்ட கார்கள் ஒரே வகுப்பில் மோதுவதால், பணம் கொட்டியவர்தான் ஜெயிப்பார் என்ற நிலை ஓரளவு தவிர்க்கப்படுகிறது.

ஹோண்டா சிவிக் எஸ்.ஐ. இதற்கு நல்ல உதாரணம். நான்கு கதவு, குழந்தை சீட் மாட்ட இடம், 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், 200 குதிரைத்திறன், 6 ஸ்பீடு மேனுவல் கியர். பார்த்தால் சாதாரண செடான். ஆனால் இதன் முன் சக்கரங்களுக்கு நடுவே 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்' இருக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாமல், பவரை வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. ஹைவேயில் இதன் அருமை தெரியாது. கோன்களுக்கு நடுவே முதல் ரவுண்டிலேயே தெரிந்துவிடும்.

உயரமான எஸ்.யூ.வி.களைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தோடு ஒப்பிட்டால் உயரம் அதிகம் என்பதால், திடீர் திருப்பத்தில் கவிழும் ஆபத்து உண்டு. எல்லோரும் எஸ்.யூ.வி. பக்கம் ஓடும் காலத்தில் செடானுக்கு மரியாதை கிடைக்கும் இடம் இது.

டயருக்கும் ஒரு சம்பளம் உண்டு

அப்படி என்ன கற்றுக்கொள்ள முடியும்? டயரின் பிடிமானத்தை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிப்பது வீட்டு வாடகை, ஸ்டீயரிங் திருப்புவது இ.எம்.ஐ. சம்பளம் முழுவதையும் வாடகைக்கே கொடுத்துவிட்டால் இ.எம்.ஐ.க்கு மிச்சம் இருக்காது. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பிரேக்கையும் அழுத்தி, ஸ்டீயரிங்கையும் முழுசாகத் திருப்பினால் முன் டயர் 'முடியாது' என்று கையை விரித்துவிடும். கார் திரும்பாமல் நேராக வழுக்கிக்கொண்டே போகும். இதற்குப் பெயர் 'அண்டர்ஸ்டீயர்'. முன்சக்கர இழுவை செடான்களில் இது அதிகம்.

புதிதாக வருபவர்கள் அப்போது செய்வது, ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவது. சம்பளமே தீர்ந்த பிறகு இன்னொரு இ.எம்.ஐ. போட்டால் என்ன ஆகும்? வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால்தான் டயருக்கு மீண்டும் பிடி கிடைக்கும். இதைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு, 60 கி.மீ. வேகத்தில் கை தானாகச் செய்வது வேறு. மழை நாளில் ஹைவேயில் குறுக்கே மாடு வரும்போது தேவைப்படுவது இரண்டாவதுதான். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பிரேக் பெடல் காலுக்குக் கீழே எப்படித் துடிக்கும் என்பதைக்கூட பலர் முதன்முறையாக இங்கேதான் உணர்கிறார்கள்.

முகத்துக்கு நேரே உள்ள கோனைப் பார்க்காமல், அடுத்ததற்கும் அடுத்த கோனைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு பாடம். கண் எங்கே போகிறதோ, கை அங்கே போகும்.

கலர்ஃபுல்லாகத் தெரிந்தாலும்...

ஒரு நாள் முழுக்க மைதானத்தில் இருந்தாலும் காரை ஓட்டுவது மொத்தமே சில நிமிடங்கள்தான். காலையில் போய் காருக்குள் உள்ள தண்ணீர் பாட்டில், ஃப்ளோர் மேட் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும். பேட்டரி, வீல் நட் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா எனச் சோதிப்பார்கள். ஹெல்மெட் கட்டாயம். பாதையை நடந்தே பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். ஓட்டாத நேரத்தில் வெயிலில் நின்று, மற்றவர்கள் தள்ளிவிட்ட கோன்களை ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பதும் போட்டியாளர்களின் வேலையே. சில பத்து டாலர் கட்டணத்தில் நடத்த முடிவதற்கு இந்தக் கூலியில்லா உழைப்பும் ஒரு காரணம்.

உண்மையான செலவு டயரில் இருக்கிறது. முன் டயர்களின் வெளி ஓரம் சீக்கிரமே தேயும். அதே டயரில்தான் திங்கள்கிழமை ஆபீஸ் போக வேண்டும்.

நம்ம ஊரில்?

இந்தியாவிலும் ஆட்டோகிராஸ் உண்டு. ஆனால் மண் தரையில் நடப்பவையே அதிகம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ.தான் நாட்டின் மோட்டார் விளையாட்டுகளுக்கான அமைப்பு. அதன் அனுமதி பெற்ற போட்டியா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே விற்கும் ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ், ஸ்கோடா ஸ்லாவியாவின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் 150 பி.எஸ். பவர் தருகிறது. ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் அதில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடியாது. அந்த ஏக்கத்தை நள்ளிரவில் ஈ.சி.ஆரில் தீர்த்துக்கொள்ளப் பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு காத்திருக்கிறது. பொதுச் சாலையில் அனுமதியின்றி ரேஸ் ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

அனுமதி பெற்ற மைதானத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள். ஒழுங்குபடுத்தப்பட்ட ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றில் காரைப் பயன்படுத்தினால் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். அன்றைக்கு ஏதாவது உடைந்தால் கை காசுதான். லோனில் வாங்கிய கார் என்றால், ஸ்டார்ட் லைனுக்குப் போகும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.