மூன்று எந்திரங்கள் சேர்ந்து காட்டிய ஒரே படம்!

உட்கார்ந்த இடத்தில் மலை ஏறினார்கள், பள்ளத்தில் பாய்ந்தார்கள்!

1952-ம் ஆண்டு, செப்டம்பர் 30-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். பிராட்வே தியேட்டரில் அன்று ஒரு புதுப் படம். பெயர் "திஸ் ஈஸ் சினிராமா".

விளக்குகள் அணைந்தன. சின்னஞ்சிறு சதுரமாகப் படம் தெரிந்தது. அதுவும் கறுப்பு-வெள்ளை. லோவெல் தாமஸ் என்ற புகழ்பெற்ற வானொலிச் செய்தியாளர் தோன்றினார். சினிமா பிறந்து வளர்ந்த கதையைச் சொன்னார். பத்து நிமிடத்துக்கு மேல் பேசினார்.

"இதற்காகவா வந்தோம்?" என்று சிலர் நினைத்திருக்கலாம்.

பேச்சு முடிந்தது. திரைச்சீலைகள் இரு பக்கமும் விலகின. விலகின, விலகிக்கொண்டே போயின! எதிரே ஒரு பிரமாண்டமான வளைந்த திரை. அதில் வண்ணப் படம்.

பொருட்காட்சியில் உயர உயர ஏறி, தடதடவென்று பள்ளத்தில் பாயும் ரோலர் கோஸ்டர் வண்டி உண்டல்லவா? அதன் முன் வரிசையில் காமிராவை வைத்துப் படம் பிடித்திருந்தார்கள்.

வண்டி உச்சிக்கு ஏறியது. ஒரு கணம் நின்றது போல இருந்தது. பிறகு, ஒரே பாய்ச்சல்!

தியேட்டரில் கூச்சல்! நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி வளைந்தபோது எல்லோரும் சாய்ந்தார்கள். நாற்காலிகள் என்னவோ அசையவே இல்லை!

மறுநாள் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை இந்தச் செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டது.

கடைக்கண்ணில் இருக்கிறது ரகசியம்

இந்த அதிசயத்தைப் படைத்தவர் பிரெட் வாலர். 1886-ல் பிறந்தவர். பாரமவுண்ட் சினிமாக் கம்பெனியில் தந்திரக் காட்சிகள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். தண்ணீரின் மேல் சறுக்கி விளையாட உதவும் நீர்ச்சறுக்குக் கட்டைகளுக்கு 1925-ல் காப்புரிமை வாங்கியவரும் இவரே!

"நிஜத்தைப் பார்ப்பது போல சினிமா ஏன் இல்லை?" இந்தக் கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். இந்தத் தாளைக் குழல் போலச் சுருட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் குழல் வழியே தெருவைப் பாருங்கள். தெரு தெரியும். ஆனால் தெருவில் நிற்பது போலத் தோன்றாது. குழலை எடுத்துவிடுங்கள். உடனே நீங்கள் தெருவில் இருக்கிறீர்கள்!

காரணம் என்ன? நாம் நேராகப் பார்க்கும்போது, இரு பக்கமும் உள்ளவை கடைக்கண்ணில் படுகின்றன. அவை தெளிவாகத் தெரியாவிட்டாலும், "நீ இந்த இடத்தில் இருக்கிறாய்" என்று மூளைக்குச் சொல்வது அவைதான்.

சாதாரண சினிமாத் திரை, அந்தக் குழலைப் போன்றது. கடைக்கண்ணும் நிறையும்படி திரை அகன்றிருந்தால்? பார்ப்பவர் படத்துக்குள் போய்விடுவார்! இதுதான் வாலர் கண்ட உண்மை.

முன்பே முயன்றவர்கள்

ஒரு லென்ஸ் அவ்வளவு அகலத்தைப் பிடிக்காது. பிடித்தாலும் படம் கோணலாகும். எனவே பல காமிராக்கள் வேண்டும். காட்டுவதற்கும் பல எந்திரங்கள் வேண்டும்.

இந்த யோசனை வாலருக்கு முன்பே பிறந்துவிட்டது. பிரான்ஸ் நாட்டின் கிரிமுவான் சான்சோன், 1897-ல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். 10 எந்திரங்களை வட்டமாக வைத்து, சுற்றிலும் படம் காட்டும் முறை அது. பலூனில் பறப்பது போன்ற காட்சி. ஆனால் 10 விளக்குகளின் அனலைச் சமாளிப்பது பெரும்பாடு. முயற்சி நிலைக்கவில்லை.

1927-ல் பிரெஞ்சு டைரக்டர் ஆபெல் கான்ஸ், "நெப்போலியன்" படத்தின் இறுதிக் காட்சியை மூன்று திரைகளில் காட்டினார். பிரமிப்பூட்டியது. ஆனால், வழக்கமாகப் படம் எடுக்கும் முறையாக அது வளரவில்லை.

வாலர் 11 எந்திரங்களோடு தொடங்கினார். அந்த அமைப்புக்கு "விட்டராமா" என்று பெயர். அதை வாங்கத்தான் ஆள் இல்லை.

உயிர் காத்த பயிற்சி

அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டது.

வானத்தில் எதிரி விமானம் மின்னலாகப் பாய்ந்து வரும். குண்டு வீச்சு விமானத்தில் உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி வீரன், கண நேரத்தில் குறிபார்த்துச் சுட வேண்டும். தவறினால் அவன் உயிர் மட்டுமல்ல, கூட வந்தவர்கள் உயிரும் போகும். இதைத் தரையில் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

வாலர் வழி கண்டார். கவிழ்த்த கிண்ணத்தின் உட்புறம் போல ஒரு திரை. அதில் 5 எந்திரங்கள் படம் காட்டும். வானம் முழுவதும் விமானங்கள் பாயும். 4 வீரர்கள் ஒரே நேரத்தில் பொய்த் துப்பாக்கியால் சுடுவார்கள். குறி சரியாக விழுந்தால் காதில் ஒலி கேட்கும்.

தோட்டா செலவில்லை, ஆபத்தும் இல்லை. கையும் கண்ணும் மட்டும் பழகின. அமெரிக்க வீரர்கள் பலர் இப்படிப் பயின்ற பிறகே போர்முனைக்குப் போனார்கள்.

டென்னிஸ் கொட்டகையில் ஆராய்ச்சி

போர் முடிந்ததும் வாலர் மறுபடி சினிமாவுக்குத் திரும்பினார். நியூயார்க்குக்கு அருகே ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், கூரை போட்ட ஒரு டென்னிஸ் ஆடுகளமே அவருக்கு ஆராய்ச்சிக் கூடம்.

11 எந்திரங்களை 3 ஆகக் குறைத்தார். ஒலி நிபுணர் ஹசார்ட் ரீவ்ஸ் துணைக்கு வந்தார். பணமும் போட்டார். பெரிய சினிமா முதலாளிகள் வந்து பார்த்தார்கள், வியந்தார்கள், போய்விட்டார்கள். கடைசியில் துணிந்து முன்வந்தவர்களில் ஒருவர்தான் லோவெல் தாமஸ்.

எப்படி வேலை செய்தது?

ஒரே காமிராப் பெட்டிக்குள் 3 லென்ஸ்கள், 3 பிலிம்கள். ஒவ்வொரு லென்சும் காட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கும். மூன்றும் சேர்ந்தால் 146 டிகிரி அகலம். அரை வட்டம் 180 டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள்!

படமும் உயரம். சாதாரண பிலிமில் ஒரு படத்துக்கு 4 துளை உயரம். இதில் 6 துளை. சாதாரண சினிமாவில் நொடிக்கு 24 படம், இதில் 26.

தியேட்டரில் மூன்று அறைகளில் மூன்று எந்திரங்கள் இருக்கும். இடப்பக்க அறையிலிருந்து வரும் ஒளி, திரையின் வலப்பக்கத்தில் விழும். வலப்பக்க ஒளி இடப்பக்கத்தில் விழும். ஏன் இந்தக் குறுக்கு வழி? திரை வளைந்திருக்கிறது அல்லவா? அப்போதுதான் ஒளி வளைவின் மேல் நேராக விழும்.

வளைந்த திரையில் இன்னொரு சங்கடம். ஒரு முனையில் விழும் ஒளி, எதிர் முனைக்குத் தெறிக்கும், படம் வெளுத்துப்போகும். இதற்காகத் திரையை ஒரே துணியாகச் செய்யவில்லை. சுமார் 1,100 நாடாக்களை நெடுக்காக, சற்றே சாய்த்து, வரிசையாகத் தொங்கவிட்டார்கள். தெறிக்கும் ஒளி அடுத்த நாடாவின் முதுகில் பட்டு நின்றுவிடும்!

ஒலிக்கென்று தனியாக நான்காவது பிலிம். அதில் 7 ஒலிப் பாதைகள். பின்னால் பறக்கும் விமானம் பின்னாலேயே கேட்கும்.

கோடுதான் கொடிய எதிரி

இரண்டு டார்ச் விளக்குகளைச் சுவரில் அடியுங்கள். ஒளி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் மட்டும் கூடுதலாகப் பளிச்சிடும். சினிராமாவிலும் இதே தொல்லை. மூன்று படங்கள் சேரும் இரண்டு இடங்களிலும் கோடு தெரிந்தது.

வாலர் ஒரு தந்திரம் செய்தார். பிலிமின் ஓரத்தில், சீப்பு போன்ற பற்கள் உள்ள சிறு தகடு வைத்தார். அது மேலும் கீழுமாக வேகமாக அசையும். ஓரத்து ஒளி மங்கும். கோடு மறையவில்லை; ஆனால் உறுத்தல் குறைந்தது.

படம் எடுப்பவர்களும் தந்திரம் செய்தார்கள். சேரும் இடத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ நிறுத்திவிடுவார்கள். நடிகர்கள் பாடுதான் திண்டாட்டம்! ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசினால், திரையில் வேறு எங்கோ பார்ப்பது போலத் தெரியும். எனவே வேறு எங்கோ பார்த்தபடி காதல் பேச வேண்டும்!

பிலிம் அறுந்தால் ஆபத்து. ஒரு பிலிமில் பத்துப் படம் வீணானால், அதே அளவு கறுப்பு பிலிமை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றும் ஒத்துப்போகாது. ரயிலின் என்ஜின் ஓரிடத்திலும் பெட்டிகள் ஓரிடத்திலும் ஓடும்!

அறுந்த பிலிமைச் சரிசெய்யும் வரை ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அதற்கும் ஏற்பாடு உண்டு. தனி எந்திரத்தில் லோவெல் தாமஸ் தோன்றி, நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார்!

வெற்றியும் வீழ்ச்சியும்

முதல் படம் நியூயார்க்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அதில் நீர்ச்சறுக்கு வீரர்களின் காட்சியும் உண்டு. வாலரின் இரண்டு கண்டுபிடிப்புகள் ஒரே திரையில் சேர்ந்தன!

1954 மார்ச்சில் அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பல காமிராக்களால் படமெடுத்து, பல எந்திரங்களால் காட்டும் முறையை உருவாக்கியதற்காக! அடுத்த மே மாதமே அவர் காலமானார். சினிராமாவில் ஒரு கதைப் படம் வருவதை அவர் பார்க்கவில்லை.

1956-ல் வந்த "செவன் ஒண்டர்ஸ் ஆப் தி வேர்ல்ட்" படத்தில் நம் தாஜ்மகாலும் இடம் பெற்றது. 1962-ல்தான் இரண்டு கதைப் படங்கள் வந்தன. "ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்" அவற்றில் ஒன்று. மூன்று பிலிம் சினிராமா முறையில் வந்த கதைப் படங்கள் அந்த இரண்டோடு சரி.

காரணம், செலவு. மூன்று மடங்கு பிலிம், மூன்று அறைகள், கூடுதல் ஆட்கள். தியேட்டரையே இடித்துக் கட்ட வேண்டும். 1953-லேயே சினிமாஸ்கோப் வந்துவிட்டது. ஒரு விசேஷ லென்ஸ், ஒரே எந்திரம், அகலமான படம்! தியேட்டர்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், 1973-ல் வந்த "ராஜராஜ சோழன்".

சுற்றிலும் படம்!

அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் 1955-ல், 11 எந்திரங்களால் முழு வட்டமாகப் படம் காட்டினார்கள். நடுவில் நிற்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் படம்!

எந்திரங்களை எங்கே வைத்தார்கள்? திரைக்கும் திரைக்கும் நடுவே உள்ள இடுக்கில். 11 ஒற்றைப்படை எண். எனவே ஒவ்வொரு இடுக்குக்கும் நேர் எதிரே ஒரு திரை அமையும். இரட்டைப்படையாக வைத்தால் இடுக்குக்கு எதிரே இடுக்குதான் வரும். எளிய கணக்கு, எவ்வளவு பெரிய உதவி!

இன்று

அந்தக் கோடு இன்று தோற்றுவிட்டது. இரண்டு படங்களின் ஓரங்களை வேண்டுமென்றே ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்கிறார்கள். ஒரு படம் சிறிது சிறிதாக மங்கும். அடுத்தது அதே அளவு சிறிது சிறிதாகப் பிரகாசிக்கும். கூட்டினால் எங்கும் ஒரே ஒளி! வாலரின் சீப்பு செய்ய முயன்ற வேலையைக் கம்ப்யூட்டர் பிசகாமல் செய்கிறது. கோளரங்குகளிலும், விமானிகள் பயிலும் கூடங்களிலும், கட்டடங்களின் மேல் ஒளிப்படம் காட்டும் விழாக்களிலும் இந்த முறைதான்.

பழைய சினிராமாப் படங்களின் மூன்று பிலிம்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒன்றாக இணைத்துவிட்டார்கள். முதல் படமும் புத்துயிர் பெற்று வெளிவந்தது. வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

ஆனால், வீட்டுத் திரைக்கு இரு பக்கமும் சுவர் தெரியும், ஜன்னல் தெரியும். ரோலர் கோஸ்டர் பாயும். நாம் அலற மாட்டோம். கடைக்கண்ணை ஏமாற்ற முடியாது!