பழைய மரண சாசனங்களில் அடிமைகளின் உறவுமுறை

சோமனூர்ப் பகுதியில் ஊழியஞ்செய்யும் நம்மிடம், தங்கள் முன்னோர் யாரென்று அறிய விரும்பும் சபையார் அவ்வப்போது வருவதுண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு மூன்று தலைமுறைகள் கிடைக்கும். அதற்கப்பால் ஒன்றும் தெரிவதில்லை. பண்ணையாளுக்கு உயில் எழுதச் சொத்து ஏது? அவன் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் பிறருடைய பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

நம் கடற்கரையிலிருந்து விற்கப்பட்டோருக்கும் இதுவே நேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பெனியார் பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து, பஞ்சகாலங்களில் விலைக்கு வந்த ஏழைகளை பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றினர். அவர்களிற் சிலர் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையையும் அடைந்தனர். அங்கே அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காக்க ஏற்பட்ட மன்றத்தார் எழுதிவைத்த சொத்துப் பட்டியல்களில் கட்டில், குதிரை, மாடு இவற்றின் வரிசையிலேயே மனிதரும் வருகின்றனர்.

இவற்றை வாசிப்போர் சில காரியங்களைக் கவனிக்கவேண்டும். அடிமைக்குத் தகப்பன் பெயர் எழுதப்படுவது அரிது. செப்டம்பர், கூபிடோ போன்ற பெயர்கள் எஜமான் இட்டவை. பெயரோடு வரும் ஊர் பிறந்த ஊராகவே இருக்கவேண்டுமென்பதில்லை. கப்பலேறிய துறையாகவும் இருக்கலாம். தாயோடு கைக்குழந்தை குறிக்கப்பட்டால் அதுவே பொன்னான சான்று. அக்குழந்தை பின்னர் எங்கே போயிற்று என்றறிய, எஜமானுடைய விதவையின் உயிலையும், மகளுக்குக் கொடுத்த சீதனத்தையும் தேடவேண்டும். ஆகவே அடிமையின் குடும்பத்தைத் தேடுகிறவன் முதலில் எஜமானின் வம்ச வரலாற்றைக் கற்கவேண்டியவனாகிறான். இது கசப்பானதே, ஆயினும் வேறு வழி குறைவு.

நீதிமன்ற ஏடுகளும் உதவும். பழவேற்காட்டுக் கத்ரைன் என்பவள் பத்தாவியாவில் அடிமையாயிருந்து, ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1657இல் நன்னம்பிக்கை முனைக்கு நாடுகடத்தப்பட்டாள். அவள் மகனின் வழியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்னெய்மான் குடும்பத்தார் தங்கள் வம்சத்தைக் காண்கின்றனர்.

நம் திருச்சபையும் இதற்குப் புறம்பன்று. 1707 மே 12இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஞானஸ்நானங் கொடுத்த முதல் ஐவரும் தேனியர் வீட்டு அடிமைகள். ஞானஸ்நானம் பெற்றவனை விற்கலாமா என்ற கேள்வி 1618இல் கூடிய தோர்த் சங்கத்திலேயே எழுந்தது. ஞானஸ்நானம் பெற்ற அடிமையை விற்றலாகாதென்று பத்தாவியா அரசு 1770இல் விதித்தது. அதன்பின் எஜமானர் பலர் ஞானஸ்நானத்துக்கே தடையாயினர் என்பது நாம் மறைக்கத்தகாத செய்தி. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தைப் பிரசங்கிக்கும்போது, ஒநேசிமுவின் தாய் தகப்பன் யாரென்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்துக்குப் பின் அடிமைமேல் உரிமை கோரும் பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாதாயிற்று. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. எனவே நம் மாணாக்கர் பின்னோக்கித் தேடும்போது, சபைப் பதிவேடு முடிகிற இடத்தில் நின்றுவிடாமல், அக்காலத்து நிலவுடைமையாளரின் பாகப் பத்திரங்களையும் விற்பனை ஓலைகளையும் கேட்டுப் பார்க்கவேண்டும். கிடைத்த பெயரைக் குடும்பத்தாருக்குச் சொல்லுமுன், அவர்கள் அதைக் கேட்க ஆயத்தமாயிருக்கிறார்களா என்றும் விசாரிக்கவேண்டும்.