தெளிவு வரும் வேளை

காய்ச்சல் தணிந்து நோயாளி கஞ்சி கேட்டுவிட்டால், 'கண்டம் தப்பியது' என்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். உடல் நோய்களில் இது பெரும்பாலும் சரியான கணக்கே. ஆனால் மனத்தைப் பற்றும் நோய் ஒன்றில் இக்கணக்குத் தவறிவிடக்கூடும். அதைப் பற்றியே இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

இல்லாத குரல் காதில் கேட்பதும், ஆதாரமற்ற ஐயங்கள் அசையாத நம்பிக்கைகளாக வேரூன்றுவதும் மனச்சிதைவு நோயின் முக்கிய அடையாளங்கள். இதற்கு 'ஸ்கிஸோஃப்ரினியா' என்ற பெயரை 1908-இல் இட்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். இந்நோயின் குறிகளுள் மிகக் கொடியது தற்கொலை நாட்டமே என்று, 1911-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். பிற்கால ஆய்வுகளின்படி, இந்நோயுற்றவர்களில் 100-க்கு ஏறத்தாழ 5 பேர் அவ்வாறு மடிகின்றனர். ஏனையோர் அம்முடிவுக்குச் செல்வதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அபாயம் எப்போது மிகுகிறது? நோய் தொடங்கிய முதற் சில ஆண்டுகளிலும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதற் சில வாரங்களிலும் மிகுகிறது. பிரமை விலகும்போது, இழந்துபோன படிப்பும் வேலையும் நட்பும் கண்ணெதிரே வந்து நிற்கின்றன. ஊராரின் ஏளனமும் சேர்ந்துவிட்டால் நம்பிக்கை குலைகிறது. சிலருக்கு, நிலைகொள்ளாத உணர்ச்சியும் முன்பின் எண்ணாத வேகமும் வாழ்வையே சீர்குலைக்கும் அளவுக்கு முற்றியிருக்கும். ஆளுமைக் கோளாறுகளில் இஃது ஒரு வகை. நோயோடு இதுவும் சேரின் அபாயம் மேலும் ஏறுகிறது. இதனைப் பிடிவாதம் என்று வைது ஒதுக்குவது பெரும்பிழை.

பரிகாரம் இல்லாமற் போகவில்லை. மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் குளோசபின் என்னும் மருந்து தற்கொலை முயற்சிகளைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. மருந்துக்குத் துணையாக மனிதரும் வேண்டும். 'வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா?' என்று பரிவோடு கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதாகாது. பாரத்தை இறக்கி வைக்க இடம் தருவதே ஆகும். 'ஆம்' என்று விடை வந்தால், அவரைத் தனியே விடாமல், பெரியவர் ஒருவருக்கும் மருத்துவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். 2022-இல் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

மாணவ நண்பர்களே, சிகிச்சை பெற்று வகுப்புக்குத் திரும்பும் தோழரைக் கண்டு ஒதுங்காதீர்கள். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். தெளிவு வரும் வேளையே துணை வேண்டும் வேளை.