ஹச்சிமான்

ஹச்சிமான் என்பவர் ஜப்பானிய மரபில் போருக்கும் வில்வித்தைக்கும் உரிய கடவுளாக வணங்கப்படும் தெய்வம் ஆவார். சிந்தோ சமயத்தையும் புத்த சமயத்தையும் ஒருங்கே சார்ந்த இத்தெய்வம், ஜப்பானின் 15ஆவது பேரரசராகக் கூறப்படும் ஓஜினின் தெய்வ வடிவமாகக் கருதப்படுகிறது. ஓஜினின் தாயான ஜிங்கு பேரரசியும் பெரும்பாலான ஹச்சிமான் கோயில்களில் உடன் வைத்து வணங்கப்படுகிறார். போர்க்கடவுள் என்று பொதுவாக அறியப்பட்டாலும், நாட்டையும் அரச குடும்பத்தையும் காப்பவர் என்பதே இவரது பழைய இயல்பாகும். போர்வீரர்களின் தெய்வம் என்ற நிலை பின்னரே ஏற்பட்டது.

பெயரும் அடையாளங்களும்

ஹச்சிமான் என்னும் பெயர் "எட்டுக் கொடிகள்" எனப் பொருள்படும். அதே எழுத்துக்களை "யஹாட்டா" என்றும் படிப்பதுண்டு. புறா இவரது தூதுப் பறவை ஆகும். சுழலும் மூன்று காற்புள்ளிகளைப் போன்ற "மிட்சுதொமொயெ" என்னும் சின்னம் ஹச்சிமான் கோயில்களின் கூரை ஓடுகளிலும் விளக்குகளிலும் காணப்படுகிறது.

தோற்றம்

ஜப்பானின் மிகப் பழைய நூல்களான கொஜிக்கி (712), நிஹோன் ஷோக்கி (720) ஆகிய இரண்டிலும் ஓஜின் பேரரசர் பற்றிய செய்திகள் உள்ளன. ஆனால் ஹச்சிமான் என்னும் தெய்வத்தைப் பற்றிய குறிப்பு இல்லை. அந்நூல்களில் போர்த்தெய்வங்களாக வருவோர் தகெமிகாசுச்சி, புட்சுனுஷி ஆகியோரே. எனவே ஹச்சிமான் வழிபாடு கியூசூ தீவின் ஊசா பகுதியில் உள்ளூர் வழிபாடாகத் தொடங்கி, பின்னர் பேரரசர் ஓஜினுடன் இணைக்கப்பட்டது எனக் கருதப்படுகிறது. கோயில் மரபுப்படி இத்தெய்வம் 571ஆம் ஆண்டில் ஊசாவில் தோன்றியது. ஊசா கோயில் 725இல் நிறுவப்பட்டது.

புத்த சமயத்துடன் இணைவு

8ஆம் நூற்றாண்டில் ஷோமு பேரரசர் தலைநகரான நாராவில், தோடாய்-ஜி கோயிலுக்காக மாபெரும் வெண்கலப் புத்தர் சிலையை வார்க்கச் செய்தார். இப்பணிக்கு உதவுவதாக ஹச்சிமானின் அருள்வாக்கு ஊசாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. 749ஆம் ஆண்டில் இத்தெய்வம் நாராவுக்கு எழுந்தருளச் செய்யப்பட்டபோது, ஊசாவின் பெண் பூசாரி ஊதா நிறப் பல்லக்கில் வந்தார். இன்று ஜப்பானியத் திருவிழாக்களில் தெய்வத்தைச் சுமந்து செல்லும் "மிகோஷி" என்னும் பல்லக்கின் தொடக்கம் இதுவே எனக் கூறப்படுகிறது.

இதன் பின்னர் ஹச்சிமானுக்குப் "பெரும் போதிசத்துவர்" என்னும் புத்த சமயப் பட்டம் வழங்கப்பட்டது. தலையை மழித்த புத்தத் துறவியின் கோலத்திலும் இவர் சித்தரிக்கப்பட்டார். சிற்பி கைகெய் 1201இல் மரத்தில் செதுக்கிய இத்தகைய சிலை தோடாய்-ஜி கோயிலில் உள்ளது. போர்க்கடவுள் ஒருவர் ஆயுதமின்றித் துறவிக் கோலத்தில் அமர்ந்திருப்பது, இவ்விரு சமயங்களின் கலப்பை நன்கு காட்டுகிறது.

தோக்யோ நிகழ்வு

769ஆம் ஆண்டில் ஹச்சிமானின் அருள்வாக்கு அரியணையின் உரிமையையே தீர்மானிக்கும் நிலை உருவானது. ஷோட்டோக்கு பேரரசியின் பேரன்பைப் பெற்றிருந்த தோக்யோ என்னும் புத்தத் துறவியைப் பேரரசராக்கினால் நாட்டில் அமைதி நிலவும் என்று ஊசாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. இதைச் சரிபார்க்க வாக்கே நோ கியோமாரோ என்னும் அதிகாரி அனுப்பப்பட்டார். அரச குலத்தைச் சேராதவர் அரியணை ஏறக்கூடாது என்னும் மறுமொழியுடன் அவர் திரும்பினார். சினமுற்ற பேரரசி அவரை நாடு கடத்தினார். 770இல் பேரரசி இறந்ததும் தோக்யோ தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டார். கியோமாரோ திரும்ப அழைக்கப்பட்டார்.

போர்வீரர்களின் தெய்வம்

860ஆம் ஆண்டில், சேய்வா பேரரசரின் ஆட்சியில், கியோத்தோவிற்குத் தெற்கே இவாஷிமிசு கோயில் நிறுவப்பட்டது. சேய்வாவின் வழிவந்த மினமோட்டோ குலத்தினர் ஹச்சிமானைத் தம் குலதெய்வமாக ஏற்றனர். இக்குலத்தின் புகழ்பெற்ற வீரரான யோஷியே, இவாஷிமிசு கோயிலில் பூப்பெய்தும் ஆண்களுக்குரிய வயதுவரவுச் சடங்கைச் செய்துகொண்டதால் "ஹச்சிமான் தாரோ" என அழைக்கப்பட்டார்.

யோஷியேயின் தந்தை யோரியோஷி 1063இல் காமகுராவில் ஹச்சிமானுக்குக் கோயில் அமைத்தார். 1180இல் மினமோட்டோ நோ யோரிட்டோமோ அதனை வேறிடத்துக்கு மாற்றினார். 1191இல் ஏற்பட்ட தீக்குப் பின் மலைச்சரிவில் அது விரிவாகக் கட்டப்பட்டது. இதுவே ட்சுருகவோகா கோயில் ஆகும். யோரிட்டோமோவின் ஆட்சி வலுப்பெற்றபின் அவரது ஆதரவாளர்கள் தம் நிலப்பகுதிகளிலும் ஹச்சிமான் கோயில்களை எழுப்பினர். இவ்வாறே இவ்வழிபாடு நாடெங்கும் பரவியது. எனினும் குலதெய்வத்தின் கோயிலே அக்குலத்தின் வீழ்ச்சிக்கும் களமானது. 1219இல் யோரிட்டோமோவின் மகன் சனெட்டோமோ, இக்கோயிலின் தலைமைத் துறவியாக இருந்த தன் அண்ணன் மகன் குக்யோவால் கோயில் வளாகத்திலேயே கொல்லப்பட்டார். அத்துடன் யோரிட்டோமோவின் நேர்வழி ஷோகுன் பரம்பரை முடிவுற்றது. கொலையாளி மறைந்திருந்ததாகக் கதை கூறும் பெரிய கிங்கோ மரம் 2010 மார்ச்சில் பெருங்காற்றில் சாய்ந்தது.

மங்கோலியப் படையெடுப்புகள்

1274, 1281 ஆகிய ஆண்டுகளில் மங்கோலியப் படைகள் கியூசூவைத் தாக்கின. முதல் தாக்குதலில் ஹக்காட்டா விரிகுடாவை ஒட்டிய ஹக்கோசாக்கி ஹச்சிமான் கோயில் எரிந்தது. இரண்டாவது படையெடுப்பின்போது ஹச்சிமான் கோயில்களில் சிறப்பு வேண்டுதல்கள் நடத்தப்பட்டன. எதிரிக் கப்பல்களைப் புயல் அழித்தது தெய்வங்களின் செயல் என நம்பப்பட்டது. நாட்டின் காவலர் என்னும் ஹச்சிமானின் புகழும் வளர்ந்தது. "எதிரி நாடு பணிக" எனப் பொருள்படும் பலகை ஹக்கோசாக்கி கோயிலின் வாயிற்கோபுரத்தில் இன்றும் உள்ளது.

உயிர்களை விடுவிக்கும் சடங்கு

ஹச்சிமான் வழிபாட்டின் முக்கியமான சடங்கு "ஹோஜோ-எ" எனப்படுகிறது. 720ஆம் ஆண்டில் தென் கியூசூவில் ஹயாட்டோ மக்கள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஹச்சிமானின் துணையுடன் சென்றதாகக் கூறப்படும் படை அவர்களை அடக்கிப் பலரைக் கொன்றது. கொல்லப்பட்டவர்களுக்காகப் பரிகாரம் செய்யும் பொருட்டு, பிடிபட்ட உயிர்களை விடுவிக்கும் இச்சடங்கு ஊசாவில் தொடங்கப்பட்டது என்பது கோயில் மரபு. கொல்லாமை என்னும் புத்த சமயக் கொள்கை இதன் அடிப்படையாகும். இவாஷிமிசுவில் செப்டம்பர் 15 அன்று நடைபெறும் விழாவில் மீன்களும் பறவைகளும் விடுவிக்கப்படுகின்றன.

மெய்ஜி காலமும் பின்னரும்

1868இல் மெய்ஜி அரசு சிந்தோவையும் புத்த சமயத்தையும் பிரிக்க ஆணையிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிய "பெரும் போதிசத்துவர்" என்னும் பட்டத்தை ஹச்சிமானுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. ட்சுருகவோகா வளாகத்தில் இருந்த புத்த சமயக் கட்டடங்கள் அகற்றப்பட்டன. இதனால் இன்றைய ஹச்சிமான் கோயில்கள் சிந்தோ கோயில்களாகவே விளங்குகின்றன.

ஊசா கோயில் அனைத்து ஹச்சிமான் கோயில்களுக்கும் தலைமைக் கோயில் ஆகும். இங்கு, பிற கோயில்களில் வழக்கமான இரண்டுக்குப் பதிலாக, நான்கு முறை கைதட்டி வணங்குவர். ட்சுருகவோகாவில் ஆண்டுதோறும் செப்டம்பரில், ஓடும் குதிரையிலிருந்து இலக்கை நோக்கி அம்பெய்யும் "யபுசாமே" நிகழ்ச்சி நடைபெறுகிறது. ஜப்பானில் மிகுந்த எண்ணிக்கையில் கோயில்களைக் கொண்ட தெய்வங்களுள் ஹச்சிமானும் ஒருவர். ஊர்க் காவல், நல்ல விளைச்சல், குழந்தை நலம் ஆகியவற்றை வேண்டியும் மக்கள் இக்கோயில்களுக்கு வருகின்றனர்.